எந்த ராமசாமி?

ஜொகூரில் ரெங்கம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. இரண்டும் குளுவாங் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தது ரெங்கம். ஆயர் ஈத்தாமிலிருந்து கூலாய்க்குப் போகும் பழைய பெருஞ்சாலையில், ரெங்கத்துக்குப் பிரியும் சந்தியில் வளர்ந்தது சிம்பாங் ரெங்கம். சந்திக்கு மலாயில் சிம்பாங். ஆகவே இரண்டாவது ஊருக்குத் தனியாகப் பெயரே வைக்கவில்லை, முதல் ஊருக்குப் போகும் வழி என்பதையே பெயராக்கிவிட்டார்கள். பிறகு சாலை ரயிலை முந்தியது. நெடுஞ்சாலை வெளிவழி, நாடாளுமன்றத் தொகுதி, நாடறிந்த தடுப்பு முகாம் எல்லாம் சந்திக்கே வந்து சேர்ந்தன. இன்று வெளியூர்க்காரர் ரெங்கம் என்று சொன்னால் பெரும்பாலும் அவர் மனத்தில் இருப்பது சிம்பாங்தான்.

ஊர்களுக்கு நேர்வது ஆட்களுக்கும் நேர்கிறது. தமிழர் நடுவே இன்னும் அதிகமாக நேர்கிறது, காரணம் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்ட அப்பா பெயரின் முதலெழுத்து, ஊர், பட்டம், ஒரு காலத்தில் சாதி, இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்த அடைமொழி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு போனால் அதுவே ஒரு சமூக வரலாறாக விரிகிறது.

ஜொகூரிலேயே தொடங்கலாம். மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் சிகாமட் தொகுதியை 2004 தேர்தல் வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்தவர் எஸ். சுப்பிரமணியம். 2004 தேர்தலுக்குப் பிறகு பிரதிநிதித்தவரும் எஸ். சுப்பிரமணியம். இது அச்சுப்பிழை இல்லை. முன்னவர் டான் ஸ்ரீ எஸ். சுப்பிரமணியம். மலேசிய இந்தியர் காங்கிரஸ் என்ற ம.இ.கா.வின் துணைத் தலைவராக நெடுங்காலம் இருந்து, 2006 கட்சித் தேர்தலில் ஜி. பழனிவேலிடம் தோற்றவர். பின்னவர் மருத்துவரான டத்தோ ஸ்ரீ எஸ். சுப்பிரமணியம். 2008 முதல் மனிதவள அமைச்சர், 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சர், அந்தப் பதவியில் இருந்தபோதே கட்சியின் தலைவரும் ஆனார். கட்சி ஒன்று, தொகுதி ஒன்று, பெயர் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. இன்னும் 50 ஆண்டு கழித்து, பழைய தேர்தல் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காரும் ஒருவர் இந்த இரண்டு பேரையும் ஒரே நீண்ட அரசியல் வாழ்க்கையாகக் கோத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

அப்பாக்கள் வேறு. ஒருவருக்குச் சின்னையா, மற்றவருக்குச் சதாசிவம். தமிழ் எழுத்தில் முதலெழுத்துப் போட்டிருந்தால் சி. சுப்பிரமணியம், ச. சுப்பிரமணியம் என்று அப்போதே பிரிந்திருப்பார்கள். ஆங்கிலத்தின் ஒற்றை எஸ் அவர்களைக் கலந்துவிட்டது. போதாக்குறைக்கு, முன்னவருடன் கட்சிக்குள் பல்லாண்டு மல்லுக்கட்டிய தலைவரும் ஓர் எஸ்தான். குளுவாங்கில் 1936ல் பால்மரம் சீவும் குடும்பத்தில் பிறந்த எஸ். சாமிவேலு.

ஆனால் தமிழ் முதலெழுத்து எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று தமிழ்ப்பற்றில் சொல்லிவிடக் கூடாது. சின்னையாவின் மகனைச் சி. சுப்பிரமணியம் என்று எழுதிய மறுகணமே அவர் இன்னொருவரோடு போய் முட்டுவார். இந்தியாவின் உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த சி. சுப்பிரமணியம் (1910–2000) சிதம்பரக் கவுண்டரின் மகன். அவருக்கு முன்பே சின்னசாமி ஐயரின் மகன் ஒருவர் சி. சுப்பிரமணிய பாரதி என்று கையெழுத்திட்டிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு எஸ்ஸும் இரண்டு சியுமாக நிற்பவர்கள் தமிழில் மூன்று சியாகிவிடுகிறார்கள்.

பாரதியின் பெயர் வந்துவிட்டதால் 1908ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசியலில் அது சுப்பிரமணியங்களின் ஆண்டு. முதலாமவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878ல் இந்து பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1882ல் சுதேசமித்திரனைத் தொடங்கியவர். மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த பாரதியை 1904ல் சென்னைக்கு அழைத்துவந்து சுதேசமித்திரனில் உதவியாசிரியராக்கியவர் அவர். ஒரு சுப்பிரமணியம் இன்னொரு சுப்பிரமணியத்துக்குப் பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். மூன்றாமவர் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா. தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடைமேடையாகப் பேசி, 1908 மார்ச்சில் அவரோடு கைதானார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். கைதுக்குத் தப்பிப் பாரதி புதுச்சேரிக்குப் போனதும் அதே ஆண்டுதான். அரசு எதிர்ப்பு எழுத்து, பேச்சு என்ற ஒரே குற்றச்சாட்டின் கீழ் மூன்று சுப்பிரமணியங்களுக்கு மூன்று கதி வாய்த்தது.

இதில் மயக்கம் தருவது பெயர் மட்டும் இல்லை. ஐயரையும் தொழுநோய் வாட்டியது, சிவாவும் சிறையில் அந்த நோயைப் பெற்று வெளியே வந்தார். ஐயர் 1916ல் இறந்தார், சிவா 1925ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். பத்திரிகை நடத்தியவர்கள் என்பதிலும் மூவரும் ஒன்றுதான். சிவா 1913ல் தொடங்கிய ஞானபானுவில் பாரதி எழுதினார். இத்தனை ஒற்றுமை இருந்தும் இன்று நாம் இவர்களைக் குழப்பிக்கொள்வதில்லை. ஒருவருக்கு ஐயர், ஒருவருக்குப் பாரதி, ஒருவருக்குச் சிவா என்று வால் இருக்கிறது. முதலாவது சாதி. இரண்டாவது எட்டயபுரத்தில் சிறுவயதில் கிடைத்த புலமைப் பட்டம். மூன்றாவது துறவுக் கோலத்துக்குப் பொருந்திய பெயர். வால் நின்றுவிட்டது, தலை தேய்ந்துவிட்டது. பாரதி, சிவா என்றாலே போதும், சுப்பிரமணியம் தேவைப்படுவதில்லை.

பெயர்கள் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகின்றன? சாமி பெயர்களின் எண்ணிக்கை அளவானது என்பது ஒரு பாதி விடை. ம.இ.கா.வின் தலைமையே இதற்குச் சான்று. 1955 முதல் 1973 வரை சம்பந்தன், அடுத்து 1979 வரை மாணிக்கவாசகம். சைவ சமயக் குரவர் நால்வரில் இருவர் அடுத்தடுத்துக் கட்சி நடத்தியதுபோல் இருக்கிறது. துன் சம்பந்தனின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன் என்பதும், நாடக உலகின் பம்மல் சம்பந்த முதலியார், இலங்கைத் தமிழர் அரசியலின் இரா. சம்பந்தன் ஆகியோரும் அதே சீர்காழிக் குழந்தையின் பெயரைத்தான் சுமந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மறுபாதி விடை குடும்பத்துக்குள் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் ஒரே பெயரை ஒரே வீட்டுக்குள் பெருக்கும். இதற்கு நான் அறிந்த மிக வியப்பான எடுத்துக்காட்டு இயற்பியலில் இருக்கிறது. சி.வி. ராமனின் தந்தை சந்திரசேகர ஐயர். அவருடைய மகன்வழிப் பேரன் எஸ். சந்திரசேகர் (1910–1995), விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டு 1983ல் நோபல் பரிசு பெற்றவர். மகள்வழிப் பேரன் ஒருவரும் எஸ். சந்திரசேகர் (1930–2004). பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன புதுவகைத் திரவப் படிகத்தை 1977ல் உலகுக்கு அறிவித்தவர். முன்னவரின் எஸ் சுப்பிரமணியன், பின்னவரின் எஸ் சிவராமகிருஷ்ணன். இருவரும் இயற்பியலாளர்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், இருவரும் ராமனின் உடன்பிறந்தவர்களின் மக்கள், ஒரே தாத்தாவின் பெயர் தாங்கியவர்கள். இவர்களோடு ரத்த உறவில்லாத மூன்றாவது எஸ். சந்திரசேகரும் உண்டு. அவர் மக்கள்தொகை அறிஞர், 1967 முதல் சில ஆண்டுகள் இந்திய அரசில் சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சராக இருந்தவர்.

சோழர் வீட்டிலும் இதே வழக்கம்தான். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குக் குந்தவை என்றால் ராஜராஜனின் அக்காள். ஆனால் ராஜராஜனுக்கு அதே பெயரில் ஒரு மகளும் இருந்தாள். அந்த இளைய குந்தவை வேங்கி நாட்டுச் சாளுக்கியன் விமலாதித்தனை மணந்தாள். அவள் மகன் தாய்வழித் தாத்தாவின் பெயரால் ராஜராஜ நரேந்திரன் ஆனான். அந்த நரேந்திரன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். பிறந்த பிள்ளைக்கு மறுபடியும் தாய்வழித் தாத்தா பெயர், ராஜேந்திரன். அந்தப் பிள்ளைதான் 1070ல் சோழ அரியணை ஏறிக் குலோத்துங்கன் ஆனவன். கடாரத்தை 1025ல் தாக்கியவன் ராஜேந்திரன். 1090ல் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், நாகப்பட்டினத்து விகாரைக்கு உரிய பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தவனும் ஒரு காலத்தில் ராஜேந்திரன் என்று அழைக்கப்பட்டவன். கடாரம் என்ற கெடாவின் பழைய வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டு ராஜேந்திரன்களையும் தள்ளித்தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலாம் ராஜேந்திரன், இரண்டாம் ராஜேந்திரன் என்ற எண்கள் நம் காலத்து ஆய்வாளர்கள் ஒட்டியவை. அரசர்கள் தங்களை எண்ணிக்கொள்ளவில்லை. கல்வெட்டில் இருப்பது வேறொரு முறை. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறிமாறிச் சூடினார்கள். தந்தை ராஜகேசரி என்றால் அடுத்து வருபவன் பரகேசரி. ராஜராஜன் மெய்க்கீர்த்தி என்ற நீண்ட புகழுரையைக் கல்வெட்டின் தொடக்கத்தில் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டும் முன், பல கல்வெட்டுகளில் கோராஜகேசரிவர்மனுக்கு இத்தனையாவது ஆண்டு என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஐந்தாம் ஆண்டு ராஜகேசரி என்றால் அது ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா, ராஜராஜனேதானா? எழுத்து வடிவம், குறிப்பிடப்படும் நாள்மீன், தானம் கொடுத்த அதிகாரியின் பெயர், விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் கணக்கு என்று சில்லறைத் தடயங்களைச் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. பரகேசரியோடு மதுரை கொண்ட என்ற ஒரு சொல் சேர்ந்துவிட்டால் ஆய்வாளருக்கு நிம்மதி, அது முதலாம் பராந்தகன். வீரபாண்டியன் தலை கொண்ட என்று வந்தால் இரண்டாம் ஆதித்தன். வென்ற போர்தான் அரசனின் முதலெழுத்து.

புலவர்களின் கதை நேர்மாறானது. அரசர்களை மரபு பட்டங்களால் பிரித்தது, புலவர்களை அதே மரபு ஒட்டிவைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பராக இருந்து புறநானூற்றில் பாடிய ஔவையார் ஒருவர். பல நூற்றாண்டு கழித்து, ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் எழுதிய ஔவையார் இன்னொருவர். விநாயகர் அகவலின் ஔவையார் வேறு என்பாரும் உண்டு. மொழிநடை, யாப்பு, சமயக் கருத்து எல்லாமே இவர்கள் ஒருவராக இருக்க முடியாது என்று காட்டுகின்றன. மரபு இதற்கு வைத்திருக்கும் பதில் அழகானது. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை உண்டதால் ஔவை நெடுங்காலம் வாழ்ந்தாள் என்று சொல்லிவிட்டது. 1953ல் வந்த ஜெமினியின் ஔவையார் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்ததும் அந்த ஒற்றை ஔவையைத்தான். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் படிக்கும் பிள்ளையின் மனத்திலும் ஒரே கிழவிதான் கோலூன்றி நிற்கிறாள்.

நக்கீரர் கதையும் இப்படித்தான். நெடுநல்வாடை பாடியவர், இறையனார் களவியலுக்கு உரை கண்டவராகச் சொல்லப்படுபவர், பதினோராம் திருமுறையில் இடம்பெற்ற நக்கீரதேவ நாயனார், மூவரும் மூன்று காலத்தவர் என்றே ஆய்வாளர் பலர் கொள்வர். திருமுருகாற்றுப்படையை எந்த நக்கீரர் கணக்கில் வைப்பது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. பொதுமக்களுக்கோ நக்கீரர் என்றால் 1965ல் வந்த திருவிளையாடலில் சிவனோடு வாதாடிய ஏ.பி. நாகராஜன்தான். பட்டினத்தாரிலும் திருமுறைக்காரர் வேறு, பிற்காலச் சித்தர் வேறு. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. இந்தப் பெயர்களைக் கடனாக எடுத்துக்கொண்ட பிற்காலப் புலவர்கள் தங்கள் தனிப்பெயரை இழந்ததாக வருந்தியிருக்க மாட்டார்கள். ஔவை என்று கையெழுத்திடுவது அவர்களுக்கு ஒரு பீடத்தில் ஏறி உட்காருவது. விருப்பத்தோடு ஒரு பெயருக்குள் கரைவது ஒன்று, பிறரால் கரைக்கப்படுவது வேறு.

இரண்டாவதுக்கு உகந்த பெயர் ராமசாமி.

முதலில் புகழ்பெற்றவர்களைப் பார்த்துவிடலாம். 1879 செப்டம்பர் 17ல் ஈரோட்டில் ஒரு ராமசாமி பிறந்தார். அதே ஆண்டு நவம்பர் 12ல் வந்தவாசியில் இன்னொரு ராமசாமி பிறந்தார். முன்னவர் ஈ.வெ.ரா., பின்னவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். வைக்கத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924ல் ஈ.வெ.ரா. இருமுறை சிறை போனது திருவிதாங்கூர் அரசின் கையால். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1936 நவம்பர் 12ல், அதே திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது திவானாக இருந்தவர் சி.பி. அன்று அவருக்கு 57 வயது நிறைந்திருந்தது. ஒரே காரியத்தின் தொடக்கத்தில் ஒரு ராமசாமி எதிர்ப்பாளராகவும், முடிவில் இன்னொரு ராமசாமி ஆட்சியாளராகவும் நிற்கிறார்கள்.

1947க்கு வந்தால் இது இன்னும் விரிகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானவர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். அவர் பதவியில் இருந்த அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேறின. திருவிதாங்கூரில் சி.பி. திவான். மைசூரில் திவான் சர் ஆற்காடு ராமசாமி முதலியார். 1887ல் பிறந்த இந்த முதலியார் இரட்டையரில் ஒருவர், மற்றவர் பெயர் லட்சுமணசாமி. ராமசாமி ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். லட்சுமணசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டு இருந்தார். ஆக, விடுதலை கிடைத்த அந்தக் கோடையில் தென்னிந்தியாவின் மூன்று பெரும் ஆட்சிப்பகுதிகளில் மூன்று ராமசாமிகள் அமர்ந்திருந்தார்கள். திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்த சி.பி. ஜூலை 25ல் வெட்டுப்பட்டுப் பதவியை விட்டார். ஆகஸ்ட் 15 துக்க நாள் என்று அறிவித்தவர் நான்காவது ராமசாமி, திராவிடர் கழகத் தலைவர். வரலாற்றில் இப்படி ஒரு பொருத்தம் அடிக்கடி அமைவதில்லை. அமைந்தும் யாரும் அதிகம் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கவனிக்காததற்குக் காரணம், நால்வரையும் அவர்கள் காலத்தவர் ராமசாமி என்று அழைக்கவே இல்லை. 1938ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஒருவருக்குப் பெரியார் என்று பெயர் கொடுத்துவிட்டது. ஒருவர் சர் சி.பி. ஒருவருக்கு ஆற்காடு போதும். திண்டிவனத்துப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்தவர் ஓமந்தூரார் ஆகி, சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டத்துக்கே பெயர் கொடுத்தார்.

இந்த நால்வரில் மூவருக்குச் சாதிப் பின்னொட்டு கடைசிவரை இருந்தது. நான்காமவர் அதை உதறினார், ராமசாமி நாயக்கர் வெறும் ராமசாமி ஆனார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் கப்பலேறி மலாயா வந்தார். அந்தத் தீர்மானத்தின் விளைவாகத் தமிழ்நாட்டில் பெயர் மயக்கம் கூடியது என்பது உண்மை. ஐயர், முதலியார், ரெட்டியார், நாயக்கர் என்று பிரிந்து நின்ற நூறு ராமசாமிகள் ஓர் எழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றாகிப் போனார்கள். ஆவணக் காப்பகத்தில் வேலைசெய்பவனுக்கு அது தொல்லைதான். அந்தத் தொல்லை தேவையான தொல்லை என்பதே என் எண்ணம்.

இனி புகழ் பெறாத ராமசாமி. யூலும் பர்னெலும் சேர்ந்து தொகுத்து 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களின் களஞ்சியம். அதில் ராமசாமிக்கு ஒரு பதிவு இருக்கிறது. தெற்கத்தி இந்துக்களைப் பொதுவாகக் குறிக்க வழங்கும் பெயர், சிறப்பாக இலங்கை போன்ற இடங்களின் கூலிகளைக் குறிக்கும் என்கிறது. ஆங்கிலப் படைவீரனைப் பொதுப்பெயரால் டாமி என்பதைப் போல இது என்று ஒப்பும் காட்டுகிறது. அதே பதிவின் இரண்டாவது பொருள் சுருட்டுப் பற்றவைக்கப் பயன்படும் முறுக்குப் பஞ்சுத் திரி. கூலிக்கும் திரிக்கும் ஒரே பெயர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்தியக் கல்வெட்டு எழுத்துகளைப் பற்றி நூல் எழுதியவர். ஒரு ராஜகேசரியை இன்னொரு ராஜகேசரியிடமிருந்து பிரிக்கத் தலையை உடைத்துக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். தோட்டத்து ராமசாமிகளைப் பிரிக்க வேண்டிய தேவை அந்தத் தலைமுறைக்கு வரவில்லை.

மலாயாத் துரைமார் பேச்சிலும் எழுத்திலும் ராமசாமி இப்படியே புழங்கினான். தென்னாப்பிரிக்காவில் பெயரின் தலையையும் வெட்டிவிட்டார்கள். நேட்டாலில் வெள்ளையர்கள் இந்தியரைச் சாமி என்று அழைத்ததையும், தமிழ்ப் பெயர்களின் கடைசியில் வரும் அந்தச் சொல்லுக்கு எசமான் என்று பொருள் என்பதைச் சொல்லிக்காட்டிச் சில இந்தியர்கள் மடக்கியதையும் காந்தி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே 1894ல் கிழிந்த துணியும் உடைந்த பற்களுமாக அவர் அலுவலகத்துக்கு வந்த தமிழ் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பாலசுந்தரம். அவர் பெயர் நமக்குத் தெரிவது ஒரு வழக்கறிஞர் அதை எழுதிவைத்ததால்தான். 1909ல் சத்தியாகிரகச் சிறைவாசத்தால் இறந்த இளைஞனைச் சாமி நாகப்பன் என்று வரலாறு குறிக்கிறது. வெள்ளையர் ஏளனமாகச் சொன்ன சாமி அந்தப் பெயரில் மரியாதையோடு நிற்கிறது.

தோட்டத்துக்குள் பிரித்தறியும் வேலையைத் தொழிலாளர்களே செய்துகொண்டார்கள். விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது ராமசாமி என்றால் நாலு பேர் குரல் கொடுப்பார்கள். ஆகவே நெட்டை ராமசாமி, கருப்பு ராமசாமி, மாட்டுக்கார ராமசாமி, மண்டோர் ராமசாமி. மேல்லயத்து ராமசாமி, பழைய டிவிஷன் ராமசாமி. உடல், தொழில், இடம் என்று இந்த அடைமொழிகள் சங்ககாலத்து நெடுமான், சேரமான்களின் முறையைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் இவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. செக்ரோலில் பெயரும் எண்ணும் மட்டும். லயங்கள் இடிக்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் சிம்பாங் ரெங்கம், குளுவாங், கூலாய் என்று பட்டணங்களுக்குச் சிதறியபோது அந்தப் பெயர்கள் வழக்கொழிந்தன. தாத்தாவின் பெயரைத் தேடும் பேரன் கையில் அகப்படுவது ராமசாமி என்ற ஒற்றைச் சொல்தான்.

ஏட்டில் ஆளைப் பிரித்துப் பதிந்த முதல் அரசுக் கருவி அன்பினால் வந்ததும் இல்லை. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. கம்யூனிஸ்டுப் போராளிகளையும் பொதுமக்களையும் வேறுபடுத்த, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தோட்டத்து ராமசாமிக்கு முதன்முதலாகத் தன் முகத்தோடு சேர்ந்த பெயர் கிடைத்தது. பிறகு வந்த பிறப்புப் பத்திரங்களிலும் அட்டைகளிலும் மகன் என்பதைக் குறிக்கும் ஏ/எல், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/பி வந்து, ஒற்றை முதலெழுத்தை அப்பாவின் முழுப்பெயராக விரித்தன. 2001 முதல் வழங்கும் மைகாட் அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூருக்கு அது 01. சிகாமட்டின் இரண்டு சுப்பிரமணியங்களும் கணினிக்கு ஒருபோதும் ஒருவராக மாட்டார்கள்.

நூலகங்களில் மட்டும் குழப்பம் தொடர்கிறது. நூற்பட்டியல் தயாரிப்பவர்களுக்குக் கடைசியில் நிற்கும் பெயர் குடும்பப் பெயர். மலேசியத் தோட்டத் தமிழர்களைப் பற்றி ஆராய விரும்புபவர் தவறாமல் பார்க்க வேண்டிய இரண்டு ஆங்கில நூல்கள் உண்டு. ஒன்று மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு எப்படி நிலைத்திருக்கிறது என்பதைப் பற்றி 1984ல் வந்தது. மற்றொன்று தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு ஆகியவற்றின் உறவைப் பற்றி 1994ல் வந்தது, அதை எழுதிய பேராசிரியர் பின்னாளில் பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சராக 2008 முதல் 2023 வரை இருந்தார். பட்டியலில் இரண்டும் ராமசாமி என்ற தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கும். பின்னவர் பி. ராமசாமி, அது அவருடைய சொந்தப் பெயர், அவர் தந்தை பழனிசாமி. முன்னவர் ராஜகிருஷ்ணன். அங்கே ராமசாமி என்பது அவருடைய அப்பா.